பாதி விலையில் குழந்தை சீட்! பாய்ந்து வாங்காதீங்க, பின்பக்கம் பாருங்க!

சென்னை:

"ஆறு மாசம்தான் யூஸ் பண்ணினது. புதுசு மாதிரி இருக்கும். பாதி விலை!"

செல்போனில் இப்படி ஒரு விளம்பரம் வந்தால், எந்த அப்பாவுக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்யும். காரில் குழந்தையை உட்கார வைத்து பெல்ட் மாட்டும் தனி சீட் அது. படத்தில் பளபள என்று இருக்கும். கடையில் புதிதாக வாங்கினால் பல ஆயிரம் ரூபாய் ஆகும். குழந்தையோ சீக்கிரம் வளர்ந்துவிடும். அப்புறம் சீட் பரணுக்குப் போகும். அல்லது ஆன்லைனில் விற்பனைக்கு வரும்.

வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் பழைய மிக்சி, பழைய சைக்கிள் வாங்குகிற மாதிரி வாங்கக்கூடாது. மிக்சி ஓடாவிட்டால் சட்னிதான் போச்சு. இது சரியில்லை என்றால் போவது குழந்தையின் உயிர்!

மடியில் வைத்தால் போதாதா?

"மடியிலதானே இருக்கான், நான் புடிச்சுக்க மாட்டேனா?" என்று கேட்கும் அம்மாக்கள் உண்டு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், அந்த அடி சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். எந்தக் கையும் அப்போது குழந்தையைப் பிடித்து நிறுத்தாது.

சட்டமும் இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவுப்படி, 14 வயது நிரம்பாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் காரில் கூட்டிப் போனால் அபராதம் ரூ.1000.

கண்ணுக்குத் தெரியாத விரிசல்

ஏற்கனவே விபத்தில் சிக்கிய சீட்தான் பெரிய ஆபத்து. மோதலின் வேகத்தைத் தாங்குவதுதான் சீட்டின் வேலை. ஒரு தடவை தாங்கியதும் பிளாஸ்டிக்கில் மயிரிழை போல விரிசல் விழலாம். உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற பகுதி நசுங்கியிருக்கலாம். மேலே துணி உறை போட்டு மூடியிருப்பதால் ஒன்றும் தெரியாது. அடுத்த மோதலில் அது பொலபொலவென்று உடைந்தால்?

அதனால் முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல.

"கார் எங்கேயாவது மோதிச்சா சார்?"

"சின்னதா ஒரு தடவை. பின்னாடி வந்தவன் இடிச்சுட்டான். சீட்டுக்கு ஒண்ணும் ஆகலை."

இந்தப் பதில் வந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். சின்ன மோதலா, பெரிய மோதலா என்பதற்கு விற்பவர் வார்த்தை தவிர வேறு சாட்சி கிடையாது. பலரிடம் சீட்டு வாங்கி விற்கும் ஆசாமிக்கோ அது யார் காரில் இருந்தது என்பதே தெரியாது. ஒரே வீட்டில், ஒரே குழந்தைக்குப் பயன்பட்ட சீட்தான் நல்லது. தெரிந்தவர், சொந்தக்காரர் என்றால் இன்னும் நல்லது.

ஸ்டிக்கர் பேசும்

விளம்பரத்தில் முன்பக்கப் படம்தான் இருக்கும். "பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று கேளுங்கள். தயாரித்த தேதி அங்கேதான் இருக்கும். பல சீட்டுகளில் எந்த ஆண்டுக்குப் பிறகு பயன்படுத்தக்கூடாது என்றும் அச்சிட்டிருக்கும். கம்பெனிக்குத் தகுந்தபடி இந்தக் கெடு மாறும். வெயிலில் நிற்கும் காரில் பிளாஸ்டிக் வெந்து வெந்து பலம் இழப்பதும் இந்தக் கெடுவுக்கு ஒரு காரணம்.

தர முத்திரையும் முக்கியம். நம் நாட்டுத் தரத்துக்கு ஏ.ஐ.எஸ். 072 என்று பெயர். ஐரோப்பிய தர சீட் என்றால் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும், ஆர்44 அல்லது புதிய ஆர்129 என்ற குறிப்பும் இருக்கும். ஆர்44 சீட்டில் அனுமதி எண் 01, 02 என்று தொடங்கினால் அது அரதப் பழசு. தொடாதீர்கள். ஸ்டிக்கரைக் கிழித்திருந்தாலும் வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து அக்கா கொண்டுவந்த சீட் என்றால், அது நம் காரில் சரியாக மாட்டுகிறதா என்று பொருத்திப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

அட்வான்ஸ் பேர்வழிகள்

"நான் பட்டாளத்துல இருக்கேன். டிரான்ஸ்பர் ஆயிடுச்சு. ரெண்டாயிரம் அட்வான்ஸ் போடுங்க, சீட்டை லாரியில அனுப்புறேன்." இது மோசடிக்காரர்களின் பழைய பாட்டு. பணம் போனதும் செல்போன் 'சுவிட்ச் ஆப்'!

விற்பவர்களும் உஷாராக இருக்க வேண்டும். "இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துடும்" என்பார் ஒரு பேர்வழி. பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. போட்டால் உங்கள் பணம்தான் லபக்! ஏமாந்தால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

நேரில் போனால்

பகலில் போங்கள். குழந்தையையும் காரையும் கொண்டுபோங்கள். துணி உறையைக் கழற்றி விரிசல், வெளுத்த கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பெல்ட் நார் நாராகப் பிரிந்திருக்கக் கூடாது. பக்கிள் 'டக்' என்று பூட்ட வேண்டும், இழுத்தால் வரக்கூடாது. எந்த உதிரி பாகமும் குறையக்கூடாது. கையேடு இல்லையென்றால் கம்பெனி இணையதளத்தில் மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். கோளாறு காரணமாகக் கம்பெனி திரும்பப் பெற்ற மாடலா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

குழந்தையை உட்கார வைத்து பெல்ட்டை இறுக்குங்கள். தோள் பக்கம் பெல்ட்டைக் கிள்ளினால் மடிப்பு கையில் சிக்கக்கூடாது. கைக்குழந்தை என்றால் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். ஆர்129 விதிப்படி குறைந்தது 15 மாதம் வரை அப்படித்தான். ஏர்பேக் வேலை செய்யும் முன் சீட்டில் பின்பக்கம் பார்க்கும் குழந்தை சீட்டை வைக்கவே கூடாது. ஏர்பேக் வெடித்து விரியும் வேகமே குழந்தைக்கு எமனாகிவிடும்.

சிக்கனம் பார்ப்பதில் தப்பில்லை. சீட்டின் கதை முழுதாகத் தெரிந்தால் தாராளமாக வாங்குங்கள். தெரியவில்லையா? அந்தப் பாதி விலையும் தண்டம்தான்!