வில்லனாகப் பிறந்த மாயாவி

அச்சுத்தொழிலுக்குப் பேர்போன சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வெளிவந்த ‘இரும்புக்கை மாயாவி’யைத் தமிழ் வாசகர்கள் பலரும் நாயகனாகவே நினைவில் வைத்திருந்தாலும், 1962-இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் அறிமுகமானபோது அந்தப் பாத்திரம் மனம் பேதலித்த வில்லனாகவே இருந்தது. விபத்தொன்றில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஆய்வகப் பணியாளர் லூயி கிராண்டேல், உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்ததும் உடல் முழுதும் மறைந்து, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும் நிலையை அடைகிறார். யார் கண்ணிலும் படமாட்டோம் என்ற எண்ணம் தலைக்கேற, வெறிபிடித்த கொள்ளைக்காரராகிறார். கென் பல்மர் எழுதிய இக்கதைக்கு ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ தீட்டிய கரிய நிழல்கள், வசனங்களைக் காட்டிலும் அச்சமூட்டுபவை. பின்னர் உளவாளியாக்கப்பட்ட மாயாவி பெரும்புகழ் பெற்றார் என்றாலும், அந்த இருண்ட தொடக்கத்தின் கனம் பிற்காலக் கதைகளில் இல்லை. வில்லனின் பித்தை மாயாவி கதை 1962-இலேயே இப்படித் தொட்டுவிட, ‘கிராஃபிக் நாவல்’ எனப்படும் முழுநீளச் சித்திரக்கதை நூல் வடிவில் பேட்மேனின் எதிரியான ஜோக்கரின் பித்தை ஆராய்ந்த, கிராண்ட் மாரிசனும் ஓவியர் டேவ் மெக்கீனும் படைத்த ‘ஆர்க்கம் அசைலம்’ 1989-இல்தான் வெளிவந்தது.