அடையாளமிட்ட அணுக்களும் உரத்தின் கணக்கும்

வேப்பனப்பள்ளிச் சுற்றுப்புறத்துச் செம்மண் நிலங்களில் கேழ்வரகிற்கும் மாமரத்திற்கும் உரமிடும் குடியானவர்களுக்கு எழும் கேள்வி ஒன்றுண்டு. விலை கொடுத்து வாங்கி இட்ட உரத்தில் பயிர் உண்டது எவ்வளவு, மண்ணில் தங்கியது எவ்வளவு, வீணானது எவ்வளவு என்பதே அது. அதே சத்து மண்ணிலும் முன்னரே இருப்பதால், பயிரைப் பரீக்ஷிப்பதால் மாத்திரம் விடை கிடையாது. இதைத் தீர்க்க உதவுவது ஐசோடோப்பு முறையாகும்.

ஒரே மூலப்பொருளின் அணுக்களுள் எடையில் வேறுபட்டு, ரஸாயன குணத்தில் ஒத்திருப்பவை ஐசோடோப்புகள் எனப்படும். பயிர் அவற்றை ஒன்றுபோலவே ஏற்கும், கருவியோ பிரித்தறியும். இயற்கை நைட்ரஜனில் 15 எடையுள்ள அணு 100க்கு 0.37 வீதமே உண்டு. அது கதிர் வீசாது. பாஸ்பரஸ் 32 கதிர் வீசுவது; 14.3 நாட்களில் பாதியாகக் குறையும். 1923ஆம் ஆண்டில் ஹங்கேரி தேசத்து விஞ்ஞானி ஜார்ஜ் டி ஹெவெசி, கதிர் வீசும் ஈயத்தைக் கொண்டு அவரையினச் செடிகளைச் சோதித்து, ஏற்ற ஈயத்தில் பெரும்பகுதி வேரிலேயே தங்குவதைக் கண்டார். 1943ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

இதன் தத்துவம் எளிது. கேழ்வரகுக் குவியலில் சாயமிட்ட 100 மணிகளை இட்டு நன்கு கலக்குக. பிறகு எடுத்த 1,000 மணிகளில் சாயமிட்டவை 2 இருப்பின், குவியலில் சுமார் 50,000 மணிகள் உண்டென்பது தெளிவு. செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பற்றிக்கொள்ளும். மண் கலந்த நீரில் பாஸ்பரஸ் 32 சிறிது சேர்த்துக் குலுக்கினால், அது மண் துகளின் மேலுள்ள சாதாரண பாஸ்பரஸுடன் இடம் மாறும். நீரில் எஞ்சிய வீதத்தைக் கொண்டு, பயிருக்கு எட்டக்கூடிய இருப்பு கணக்கிடப்படும். உள்ளே இறுகியது மாறாது. ஆகவே கணக்கிலும் சேராது.

இவ்வகைச் சோதனைகளால் அறிந்தவை கவனிக்கத்தக்கன. நெல்லுக்கு இட்ட யூரியாவின் நைட்ரஜனில் பாதிக்கும் குறைவையே பயிர் ஏற்பது பல இடங்களில் காணப்பட்டது. மீதி ஆவியாகிறது, நீரில் வடிகிறது, அல்லது மண்ணில் தங்குகிறது. மணிச்சத்தில் முதற் பயிர் 100க்கு 25க்கு மேல் எடுப்பது அரிது. மாமரத்தைச் சுற்றிப் பல தூரங்களிலும் ஆழங்களிலும் பாஸ்பரஸ் 32 இட்டு, இலைகளில் அது தோன்றுவதை அளந்து, சத்தை உறிஞ்சும் வேர்கள் இருக்குமிடத்தை இந்திய ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்துள்ளனர்.

இச்சோதனைகள் அனுமதி பெற்ற ஆராய்ச்சிச் சாலைகளுக்கே உரியவை. குடியானவர் செய்யவேண்டுவது அவற்றின் பலனைக் கைக்கொள்வதே. யூரியாவை ஒரே தடவையில் இடாது, பயிரின் பருவமறிந்து பகிர்ந்திடுக. மணிச்சத்தைத் தொழுவுரத்துடன் கலந்து வேர்ப்பகுதியில் இடுக. மாமரத்திற்கு அடிமரத்தை ஒட்டி இடாது, கிளை நிழல் விழும் வட்டத்தில் இடுக. உரம் வாங்குமுன் மண்ணைப் பரிசோதித்தல் அவசியம். கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பின், வீணாகும் பணம் நிலத்திலேயே பலன் தரும்.