நாடே விளக்கை அணைத்தால்?

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து, வைத்தியநாதசுவாமி கோவில் இருக்கும் மடவார் வளாகத்தில் ஒரு வீட்டில் விளக்கை அணைக்கிறார்கள். மின்சார நிலையத்துக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. நாடே ஒரே நேரத்தில் அணைத்தால்?

2020 ஏப்ரல் 5-ந் தேதி அது நடந்தது. கொரோனா ஊரடங்கு காலம். இரவு 9 மணிக்கு 9 நிமிடம் மின்விளக்குகளை அணைத்து, அகல் ஏற்றும்படி பிரதமர் மோடி கேட்டுக்கொண்டார்.

மின்சாரத்தை நெல் போலக் குதிரில் கொட்டி வைக்க முடியாது. செலவாகும் அளவுக்குத்தான் அந்தந்த விநாடியில் உற்பத்தி செய்யவேண்டும். மிஞ்சினால் அலைவெண் 50-ஐத் தாண்டி ஏறும்; எந்திரங்கள் தாமாகவே நின்றுவிடும். ஆகவே நாளைய தேவையை இன்றே கணிக்கிறார்கள். பழைய கணக்கு, வெயில், மழை, திருவிழா எல்லாம் அதற்குத் துணை. இந்த இரவுக்கோ பழைய கணக்கே கிடையாது!

"விளக்கு மட்டும் போதும், விசிறி ஓடட்டும்" என்று அரசு அறிவித்தது. 12,000 முதல் 13,000 மெகாவாட் வரை குறையும் என்று கணித்தார்கள். குறைந்ததோ 31,000 மெகாவாட்டுக்கு மேல்!

நிலக்கரி நிலையத்தைச் சட்டென்று அடக்க முடியாது. கொதிகலன் யார் பேச்சையும் கேட்காது. நீர் மின் நிலையங்கள்தான் கைகொடுத்தன. அவற்றை முன்கூட்டியே முழு வேகத்தில் ஓடவிட்டிருந்தார்கள். தண்ணீரைக் குறைத்ததும் அரைமணி நேரத்துக்குள் 17,000 மெகாவாட்டுக்கு மேல் இறங்கிவிட்டது. விளக்குகள் மறுபடி எரிந்தபோது மீண்டும் ஏற்றினார்கள். அலைவெண் 49.7-க்கும் 50.26-க்கும் இடையிலேயே நின்றது.