நூலும் பேச்சும்

தில்லியில் மார்கழி, தை மாதங்களில் பகல் உணவு வேளை வந்துவிட்டால், மத்திய அரசு அலுவலகங்களைச் சூழ்ந்த புல்வெளிகள் யாவும் மனிதர்களால் நிறைந்துவிடும். கோப்புகளை மூடி வைத்துவிட்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, வேர்க்கடலையை உரித்தவாறே பேசிக்கொண்டிருப்பது இந்நகரத்து அலுவலர்களின் நெடுநாள் வழக்கம். அங்கே தமிழர் நால்வர் ஒன்றுசேர்ந்தால் பேச்சு எவ்வாறு தொடங்கும் என்பதை நேயர்கள் அறிவார்கள். முதலில், "தங்களுக்கு எந்த ஊர்?" என்னும் வினா. அடுத்து, ஊருக்குச் செல்ல ரயிலில் இடம் கிடைத்ததா என்னும் விசாரணை. மூன்றாவதாக, நல்ல காப்பிப்பொடி எந்தக் கடையில் கிடைக்கிறது என்னும் ஆராய்ச்சி. நான்காவதாக ஒரு வினா எழுவதுண்டு. "இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்பது அது. எல்லாக் கூட்டங்களிலும் அது எழுவதில்லை. எழுந்துவிட்டாலோ, மணி இரண்டு அடித்த பின்னரும் அக்கூட்டம் கலைவதில்லை. அந்த நான்காவது வினாவைப் பற்றியே இங்குச் சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

படித்தல் தனிமையில் செய்யும் காரியம் என்பது பொதுவான எண்ணம். ஏடும் கண்ணும் இருந்தால் போதும், இடையே மற்றொருவர் எதற்கு என்று தோன்றும். ஆயினும் நாம் விரும்பிப் படித்த நூல்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தால், அவற்றுள் பல, யாரோ ஒருவர் சொல்லக் கேட்டு நம் கைக்கு வந்தவையாகவே இருக்கும். பள்ளி ஆசிரியர் ஒருவர் பாடத்தை மறந்து சொன்ன கதை. ரயிலில் எதிர் இருக்கையில் அமர்ந்தவர் சிரித்துக்கொண்டே படித்த புத்தகம். அத்தை ஒருத்தி மாவரைத்தபடி சொல்லி, பாதியில் நிறுத்திய தொடர்கதை.

நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளுள், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் 1924 முதல் இருபது ஆண்டுகள் பணியாற்றி, பின்னர் காசி, தில்லி, பெங்களூர் என்று வெளியிடங்களில் வாழ்ந்த அவரும் ஒரு வகையில் நம்மவரே. அவருடைய மூன்றாம் விதியை நிறைவேற்றுவதற்காக நூலகர்கள் அட்டவணை தயாரிக்கிறார்கள். வாசகர் தாமே எடுத்துப் பார்க்கும் வண்ணம் நூல்களைத் திறந்த அலமாரிகளில் அடுக்குகிறார்கள். அவ்வளவும் செய்த பின்னரும், படித்தவர் ஒருவர் வாய் திறந்து சொன்னாலன்றி அசையாத நூல்கள் பல உண்டு.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில், ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் இல்லத்து முற்றத்தில் கூடிய நண்பர் குழாம் 'வட்டத்தொட்டி' என்று பெயர் பெற்றது. அது பதிவு செய்யப்பெற்ற சங்கமன்று. நண்பர்கள் வருவார்கள்; கம்பனில் ஒரு பாட்டு எடுத்துக்கொள்ளப்படும்; ரசிகமணி அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சுவைப்பார்; கேட்டவர்களும் சுவைப்பார்கள். இலக்கணமும் உரையும் பிறகு வந்தால் வரட்டும் என்பது அவர் போக்கு. அப்போக்கை ஏற்காத புலவர்களும் இருந்தார்கள். எனினும் கம்பனைப் பரீட்சைக்கு மட்டுமே உரியவன் என்று எண்ணியிருந்த வக்கீல்களும் அலுவலர்களும் அவனை நாடிச் சென்றதற்கு அம்முற்றத்துப் பேச்சு ஒரு பெருங் காரணமாயிற்று.

திருநெல்வேலியில் இருந்தவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. சுற்றிலும் தமிழ் எழுத்து. பேருந்தின் நெற்றியில், மருந்துக் கடைப் பலகையில், சுவரொட்டியில், தேநீர்க் கடையில் பலர் கைபட்டுக் கசங்கிய நாளிதழில் என்று எங்கு நோக்கினும் எழுத்து கண்ணில் விழுந்துகொண்டே இருக்கும். அங்கு வளரும் குழந்தை பாதிப் படிப்பைத் தெருவிலேயே கற்றுக்கொள்கிறது. தில்லியிலும் நாகபுரியிலும் கொல்கத்தாவிலும் வளரும் நம் குழந்தைக்கு அந்தத் தெரு இல்லை. தமிழ் அதற்கு வாயிலும் செவியிலும் மட்டும் வாழ்கிறது. கண்ணுக்கு வேறு எழுத்துகள் உரியனவாகிவிடுகின்றன. தமிழ் கற்பிக்கும் பள்ளிகள் தில்லியில் உண்டு என்றாலும், அவற்றில் பயிலும் வாய்ப்பு எல்லாக் குழந்தைகளுக்கும் அமைவதில்லை. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தோர் நாடு முழுவதும் ஏறத்தாழ 6 கோடியே 90 லட்சம் பேர். அவர்களுள் தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்வோர் 50 லட்சத்திற்கும் மேல். பேசுவோரின் கணக்கு இது. இவர்களுள் தமிழில் ஒரு பக்கத்தைத் தட்டுத் தடுமாறாமல் படிக்க வல்லார் எத்தனை பேர் என்று அக்கணக்கு கேட்பதில்லை.

எங்கள் வாசகர் வட்டத்தில் நேர்ந்த ஒன்றை இங்குச் சொல்லியாக வேண்டும். தஞ்சைப் பக்கத்திலிருந்து 1965-இல் எழுத்தராகத் தில்லிக்கு வந்து, ஓய்வு பெற்ற பின்னும் இங்கேயே தங்கிவிட்ட பெரியவர் ஒருவர் வீட்டில் எங்கள் வட்டம் ஞாயிறுதோறும் கூடும். நாங்கள் சிலர் அதில் சேர்வதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அங்குப் பேச்சு நடந்துவந்தது. அவரிடம் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களும் இருந்தன. கடையில் வாங்கியவை அல்ல. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் அக்கதை தொடராக வந்தபோது, அவருடைய தமக்கையார் வாரந்தோறும் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்தவை. மணியத்தின் சித்திரங்கள், பக்கத்தின் மறுபுறத்தில் சோப்பு விளம்பரம், ஓரத்தில் பென்சிலால் எழுதிய பால் கணக்கு எல்லாம் அவற்றில் இருந்தன. புதிதாக யாரேனும் வந்தால், பெரியவர் அத்தொகுதிகளைத் துணியிலிருந்து பிரித்துக் காட்டுவார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் அவர் காலமானார். பதின்மூன்றாம் நாள் நாங்கள் சென்றபோது அலமாரி காலியாக இருந்தது. பழைய தாள் வாங்கும் கபாடிக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டதாக மகன் சொன்னார். தந்தையை இறுதி வரை கண்ணைப் போல் பேணிய நல்ல பிள்ளை அவர். "எங்கள் வீட்டில் யாருக்கும் தமிழ் படிக்க வராதே, சார். உங்களுக்குப் பயன்படும் என்று எனக்குத் தோன்றவில்லை" என்றார். நாங்கள் கபாடிக் கடைக்கு ஓடினோம். மூன்றாம் பாகமும் ஐந்தாம் பாகமும் அகப்பட்டன. கடைக்காரர் அவற்றைத் தராசில் வைத்து நிறுத்தே கொடுத்தார். ஏனைய மூன்றும் மூட்டையோடு போய்விட்டிருந்தன.

அம்மகன் மீது குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. அத்தனை ஆண்டுகளும் முன்னறையில் நூல்களைப் பற்றிப் பேசிய நாங்கள், கதவைச் சாத்திக்கொண்டல்லவா பேசினோம்? காப்பி உள்ளிருந்து வரும். டம்ளர்கள் உள்ளே போகும். அம்மகன் அந்தக் கதவுக்குப் பின்னால் வளர்ந்தார். பின்னர் அவர் மகளும் அங்கேயே வளர்ந்தாள். வந்து உட்காரு என்று எங்களுள் ஒருவரும் அழைத்ததில்லை. குழந்தைகளுக்கு இது புரியாது என்று நினைத்தோம். சத்தம் போடுவார்கள் என்றும் நினைத்தோம். நூல்களைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம் என்று எண்ணும் அன்பர்கள், அவற்றைப் பற்றிய பேச்சையும் விட்டுச் செல்கிறோமா என்று பார்த்துக்கொள்வது நலம். பேச்சைக் கேட்டு அறியாதவருக்கு அத்தொகுதிகள் இரண்டு கிலோ தாளாகத் தோன்றியது இயற்கையே.

இனி, அப்பேச்சு எத்தகையதாய் இருத்தல் வேண்டும்? "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால், "இருக்கிறது" என்னும் விடையோடு அது முடிந்துவிடும். "கதையின் நீதி என்ன?" என்று பிள்ளைகளைக் கேட்பது அதனினும் கேடு, அவர்களுக்குப் பரீட்சை மண்டபம் நினைவுக்கு வந்துவிடும். க. நா. சுப்ரமண்யம் தாம் சுவைத்த நூல்களை அறிமுகப்படுத்தி எழுதிய கட்டுரைகளுக்குப் 'படித்திருக்கிறீர்களா?' என்று பெயரிட்டார். அழகிய பெயர்தான். ஆனால் அதே வினாவைச் சற்றுக் குரலை உயர்த்திக் கேட்டுவிட்டால், எதிரில் இருப்பவர் நாணித் தலைகுனிவார். புத்தக நண்பர்கள் பலரிடம் இக்குறை உண்டு, எங்களிடமும் உண்டு.

எங்கள் அனுபவத்தில் பயன் தந்தது, நூலில் ஓர் இடத்தை மட்டும் எடுத்துப் பேசுவதாகும். ஆதவனின் 'காகித மலர்கள்' தில்லியைக் களமாகக் கொண்ட நாவல். அதில் வரும் தில்லி இன்றைய தில்லிதானா, அது மறைந்துவிட்டதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வாதம் எழுந்தது. மெட்ரோ ரயில் வந்த பின் பேருந்துக்குக் காத்திருக்கும் அவதி மாறிவிட்டது என்றார் ஒருவர். பேருந்து மாறினாலும் அதில் நிற்பவரின் மனம் மாறவில்லை என்றார் மற்றவர். அந்நூலைப் படிக்காத இளைஞர் ஒருவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போகும்போது புத்தகத்தை இரவல் வாங்கிச் சென்றார். அதனைப் புகழ்ந்து ஒரு மணி நேரம் சொற்பொழிவு ஆற்றியிருந்தால் அவர் வாங்கியிருப்பாரா என்பது ஐயமே.

நூல்கள் கிடைக்க வேண்டாமா என்று நேயர்கள் கேட்கலாம். நாம் எண்ணுவதைக் காட்டிலும் அவை அருகில் இருக்கின்றன. 1954-ஆம் ஆண்டின் சட்டமொன்றின்படி, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படியைக் கொல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்திற்குப் பதிப்பாளர் தம் செலவில் அனுப்புதல் வேண்டும். சென்னை கன்னிமாராவுக்கும், மும்பை நகர மண்டபத்திலுள்ள மைய நூலகத்திற்கும், பின்னர் சேர்க்கப்பெற்ற தில்லிப் பொது நூலகத்திற்கும் அவ்வாறே ஒவ்வொரு படி. ஆகவே தமிழ் நூல்கள் தமிழ்நாட்டிற்கு வெளியே மூன்று பெருநகரங்களுக்குச் சட்டப்படியே வந்து சேர வேண்டியவை. எல்லாப் பதிப்பாளரும் தவறாது அனுப்புகிறார்களா என்பது வேறு விஷயம். கொல்கத்தா நூலகத்தில் பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளையின் நூற்சேகரமும் இருக்கிறது. தில்லியில் 1946-இல் தோன்றிய தமிழ்ச் சங்கத்திற்கும் நூலகம் உண்டு. நூல் இல்லாமையைக் காட்டிலும், எடுத்து வந்ததைப் பற்றிப் பேச ஆள் இல்லாமையே வெளியூர்த் தமிழரின் குறை.

அந்த ஆள் தமிழராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வங்காளியர் ஓய்வாகக் கூடி மனம்போல் பேசுவதை 'அட்டா' என்பர். கொல்கத்தா கல்லூரித் தெருக் காப்பிக் கடை அதற்குப் பெயர் போனது. மராட்டியர் தீபாவளிக்குப் பலகாரத்தோடு தீபாவளி மலர்களையும் எதிர்பார்ப்பர். 1909-இல் 'மனோரஞ்சன்' இதழ் தொடங்கிவைத்த வழக்கம் அது. இவர்களிடையே வாழும் நாம், "உங்கள் மொழியில் எதைப் படிக்கலாம்?" என்று கேட்டால் அவர்கள் முகம் மலர்வதைக் காணலாம். நெடுங்காலம் கொல்கத்தாவில் வாழ்ந்த சு. கிருஷ்ணமூர்த்தி, அதீன் பந்த்யோபாத்யாயவின் வங்க நாவலை 'நீலகண்டப் பறவையைத் தேடி' என்று தமிழில் தந்தார். வி. ஸ. காண்டேகரின் மராத்தி நாவல்களைக் கா. ஸ்ரீ. ஸ்ரீ. மொழிபெயர்த்தபோது, காண்டேகரைத் தமிழ் எழுத்தாளர் என்றே எண்ணிய வாசகர்கள் இருந்தார்கள். மொழிபெயர்ப்பே தொழிலாக உள்ள எங்களுக்குச் சுற்றறிக்கைகளும் விண்ணப்பப் படிவங்களுமே வந்து வாய்க்கின்றன. ஆகையால் இவர்களைக் கண்டால் சிறிது பொறாமையும் உண்டு.

பேச்சு வளர்ந்தால் எழுத்து தானே தொடரும். எங்கள் வட்டத்தில் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று சுற்றி வருகிறது. பேசியவர் தாம் பேசிய நூலைப் பற்றி அதில் பத்து வரி எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. வாயால் ஒரு மணி நேரம் முழங்கியவர் மூன்றாவது வரியிலேயே திகைத்து நிற்பதையும், வாயே திறவாதவர் இரண்டு பக்கம் எழுதிவிடுவதையும் கண்டிருக்கிறோம்.

பெரியவர் மறைந்த பின்னும் ஞாயிறுதோறும் அதே வீட்டில் கூடுகிறோம், மகனே அழைத்தார். இப்போது கதவு திறந்திருக்கிறது. பேச்சுக்கு முன் அரைமணி நேரம் ஒருவர் உரக்கப் படிப்பது என்று வைத்துக்கொண்டோம். வானொலி பரவாத காலத்தில் பல வீடுகளில் தொடர்கதையை ஒருவர் படிக்க, எழுத்தறியாத பாட்டிமாரும் கேட்டு மகிழ்ந்தார்கள் அல்லவா? அம்முறைதான் இது. மீட்டு வந்த மூன்றாம் பாகத்திலிருந்து தொடங்கினோம். பேத்திக்கு வயது பதின்மூன்று. முதல் இரண்டு வாரம் வாசற்படியில் நின்று கேட்டாள். மூன்றாம் வாரம் உள்ளே வந்து உட்கார்ந்தாள். புரியாத சொற்களை இந்தி எழுத்தில் குறித்துக்கொண்டாள். பிறகு ஒருநாள், "அங்கிள், இதற்கு முன்னால் என்ன நடந்தது? முதல் புக் எங்கே?" என்று கேட்டாள். எங்களுள் ஒருவரும் உடனே பதில் சொல்லவில்லை. அவள் தந்தை எழுந்து உள்ளே சென்றுவிட்டார்.

முதல் பாகத்தைச் சங்க நூலகத்திலிருந்து எடுத்து வந்து கொடுத்திருக்கிறோம். சித்திரமில்லாத பதிப்பு. எழுத்துக் கூட்டித் தானே படிப்பேன் என்கிறாள். 'ழ'வையும் 'ள'வையும் இன்னும் மாற்றிப் படிக்கிறாள். நூலைத் திருப்பித் தரவேண்டிய நாள் நெருங்கிவிட்டது. அவள் எட்டாம் அத்தியாயத்தில் இருக்கிறாள்.