எத்தனை மில்லி வரை தாங்கும்?

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஈரத்தை எண்களால் அளந்துதான் பேசுவார்கள். 1972-இல் இங்கே தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியபோது இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், போஷ், ஹிட்டாச்சி போன்ற நிறுவனங்கள் முதலில் வந்தன. சில்லுகளைப் பொதிந்து சோதித்து அனுப்புவது அன்றிலிருந்து இந்த வட்டாரத்தின் முக்கியப் பிழைப்பு. சில்லின் பொதிவு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சினால், பலகையில் பற்றவைக்கும் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி உள்ளேயே விரிசலை உண்டாக்கும். அதனால் அதை ஈரம் இழுக்கும் பொட்டலத்தோடும், ஈரம் பட்டால் நிறம் மாறும் அட்டையோடும் சேர்த்துக் காற்றுப்புகாத பையில் அடைக்கிறார்கள். பையைத் திறந்த பின் எவ்வளவு நேரம் வெளியே இருக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. ஈரத்தைத் தாங்கும் தரவரிசையில் மூன்றாம் நிலைச் சில்லு என்றால் 30 பாகை செல்சியசுக்கும் 60 விழுக்காடு ஈரப்பதத்துக்கும் மிகாத அறையில் 168 மணி நேரம். 85 பாகை வெப்பம், 85 விழுக்காடு ஈரப்பதம், கூடவே மின்னழுத்தம் என்று 1,000 மணி நேரம் வாட்டியெடுக்கும் சோதனையும் சில்லுத் தொழிலில் வழக்கமானது.

அதே சில்லுகள் மடிக்கணினிக்குள் போய் உட்கார்ந்து, பெட்டியில் கடைக்கு வரும்போது அந்தக் கறார் எங்கோ கரைந்துவிடுகிறது. ‘நீர் சிந்தினாலும் தாங்கும் கீபோர்டு’ என்று விளம்பரம் சொல்கிறது. எவ்வளவு நீர், பச்சைத் தண்ணீரா தே தாரேக்கா, எத்தனை நிமிடம், தாங்குவது கீபோர்டா அல்லது அதன் அடியில் இருக்கும் தாய்ப்பலகையா? பெரும்பாலும் பதில் இருக்காது. விளம்பரம் பொய் என்று நான் சொல்லவரவில்லை. அளவு இல்லாத வாக்குறுதி வாங்குகிறவருக்குப் பயன்படாது, அளவைச் சொல்லவைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

முதலில் ‘தாங்கும்’ என்ற சொல்லுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சாதாரண மடிக்கணினி விசையின் கீழே கத்தரிக்கோல் வடிவில் பின்னிய இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள், அதன் நடுவே ஒரு சிறு ரப்பர் குமிழ், அதற்கும் கீழே மூன்று மெல்லிய பாலியெஸ்டர் தாள்கள். மேல்தாளிலும் கீழ்த்தாளிலும் வெள்ளி கலந்த மையால் மின்கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். நடுத்தாள் இரண்டையும் பிரித்து வைக்கும். விசையை அழுத்தினால் நடுத்தாளின் துளை வழியே மேலும் கீழும் தொட்டுக்கொள்ளும். விசை ஒவ்வொன்றும் அசைய வேண்டும் என்பதால் அதைச் சுற்றி இடைவெளி இருந்தே தீரும். எனவே நீர் நுழைவதைத் தடுப்பதைவிட, நுழைந்த நீரை எங்கே அனுப்புவது என்பதே வடிவமைப்பாளரின் கவலை. திங்க்பேட் வகைக் கணினிகள் பலவற்றில் கீபோர்டின் அடியில் ஒரு தட்டும், அதிலிருந்து கணினியின் அடிப்பாகம் வரை வடிகால் துளைகளும் உண்டு. சிந்தியது கீபோர்டைக் கடந்து, தாய்ப்பலகையைத் தொடாமல் மேசையில் இறங்கிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதில் காப்பாற்றப்படுவது தாய்ப்பலகை. கீபோர்டு அந்த வழியில் பலியாகலாம். பழைய திங்க்பேட்டுகளில் சில திருகாணிகளைக் கழற்றினால் கீபோர்டு தனியாக வந்துவிடும், வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். இன்றைய மெல்லிய கணினிகள் பலவற்றில் அது மேல்மூடியோடு சேர்த்து அடிக்கப்பட்டிருக்கிறது. ஒரு விசை ஒட்டிக்கொண்டாலும் மூடியையே மாற்ற நேரலாம்.

எந்தத் திரவம் என்பது இன்னும் பெரிய கேள்வி. நீர்க்காப்பைத் தரப்படுத்தும் ‘ஐபி’ எண்கள் நன்னீரை வைத்தே சோதிக்கப்படுகின்றன. பாயான் பாருவில் மாமாக் கடையிலிருந்து கட்டிக்கொண்டு வரும் தே தாரேக்கில் கெட்டிப்பாலும் சீனியும் உண்டு. தண்ணீர் தானே மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. அதில் கரைந்த உப்புகள்தாம் கடத்துகின்றன. குழாய்நீரிலேயே அவை இருக்கின்றன, பாலில் அதைவிட அதிகம். மின்னழுத்த வேறுபாடுள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவே ஈரம் தங்கினால், ஒரு பக்கத்து உலோகம் அயனிகளாகக் கரைந்து மறுபக்கத்தில் படியத் தொடங்கும். படிவு பெரணி இலைபோலக் கிளைவிட்டு வளர்ந்து எதிர்க்கோட்டைத் தொட்டதும் குறுக்குமின்னோட்டம். கணினியை ‘ஆஃப்’ செய்துவிட்டேனே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. பேட்டரி இணைந்திருக்கும்வரை தாய்ப்பலகையின் சில பகுதிகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். பேட்டரியைக் கழற்று என்ற பழைய அறிவுரையோ, பேட்டரி உள்ளே திருகப்பட்ட கருவிகளுக்குப் பொருந்துவதில்லை.

‘என் கணினியில் காப்பி கொட்டியது, காயவைத்தேன், இன்றும் ஓடுகிறதே’ என்று சொல்பவர்கள் உண்டு. நடக்கக்கூடியதுதான். ஆனால் காய்வது தண்ணீர் மட்டுமே. சீனியும் பாலின் உப்புகளும் அங்கேயே தங்கும். அந்தப் படிவு காற்றிலிருந்து மறுபடி ஈரத்தை இழுக்கும். ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும் பினாங்கில் அதற்குத் தட்டுப்பாடே இல்லை. அரிப்பு மெல்ல நடந்து, சில வாரங்கள் கழித்துக் கணினி நின்றால், அதைச் சிந்திய தேநீரோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. அரிசிக்குள் புதைப்பதாலும் பயனில்லை. ஆப்பிள் நிறுவனமே 2024-இல் ஐபோனை அரிசியில் வைக்க வேண்டாம், அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று எழுதியது. மின்கம்பியைப் பிடுங்கி, கணினி அணையும்வரை பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, வடிகால் இல்லாத கருவியானால் கவிழ்த்து வைத்து, கழற்றித் துடைக்கத் தெரிந்தவரிடம் அன்றைக்கே கொடுப்பதுதான் செய்யக்கூடியது. வடிகாலும் தட்டும் வாங்கித் தருவது இந்தச் சில நிமிட அவகாசத்தைத்தான்.

கைப்பேசி ஒரு மீட்டருக்கும் அதிகமான தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தும் பிழைக்கிறதே, மடிக்கணினிக்கு மட்டும் என்ன கேடு என்று கேட்கலாம். கைப்பேசியில் அசையும் விசைகள் இரண்டோ மூன்றோ. மடிக்கணினியில் எண்பதைத் தொடும். பெரும்பாலான மடிக்கணினிகளில் விசிறியும் காற்றுத் துளைகளும் வேறு. எல்லாவற்றையும் அடைத்துச் செய்யலாம். பானசோனிக்கின் டஃப்புக் வகை அந்தத் திசையில் வெகுதூரம் போயிருக்கிறது. அதன் எடையையும் விலையையும் எல்லாரும் சுமக்க வேண்டியதில்லை. ஆகவே முழுக் காப்பு வேண்டும் என்பது என் கோரிக்கையே அல்ல.

ஒரே எண்ணைச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது என்ற மறுப்புக்குக் கொஞ்சம் கனம் உண்டு. இன்று டெல் நிறுவனத்துக்குப் பினாங்கிலும் ஆலை இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் தாமஸ் ஃப்ரீட்மன் 2004-இல் வாங்கிய டெல் மடிக்கணினி இங்கேதான் பூட்டப்பட்டது; அதன் பாகங்கள் எங்கிருந்து வந்தன என்று தம் புத்தகத்தில் அவர் பட்டியலிட்டார். கீபோர்டு மட்டும் சீனாவின் தியான்ஜின், ஷென்ஜென், சூஜோ ஆகிய நகரங்களில் இருந்த மூன்று ஆலைகளில் ஏதோ ஒன்றிலிருந்து வந்திருக்கலாம். ஒரே மாடலுக்கு மூன்று கீபோர்டு ஆலைகள் என்றால் எந்த அளவுக்கு உறுதி சொல்வது? ஆனால் சில்லுகளும் பல ஆலைகளிலிருந்துதான் வருகின்றன. பொதுச் சோதனை ஒன்று இருப்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் பொருந்துகிறது. மடிக்கணினியிலும் எண் சொல்ல முடியும் என்பதற்குச் சாட்சி உண்டு. பள்ளிகளுக்கென்று ஏசர் செய்யும் குரோம்புக்குகள் சில, 330 மில்லிலிட்டர் வரை சிந்தினாலும் வடித்துவிடும் என்று எழுதியே விற்கப்படுகின்றன. ஏறக்குறைய ஒரு டின் பானம். ஆயிரக்கணக்கில் வாங்கும் பள்ளி நிர்வாகத்துக்கு அந்த எண் கிடைக்கிறது. ஒன்றே ஒன்று வாங்கும் நம்மிடம் ‘தாங்கும்’ என்ற வினைச்சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

சிந்துவது பயனீட்டாளரின் கவனக்குறைவு, அதற்கு நிறுவனம் ஏன் பொறுப்பு என்பது நியாயமான கேள்விதான். அப்படியானால் அதை விளம்பரத்தில் போடக் கூடாது. வழக்கமான உத்தரவாதம் திரவச் சேதத்தை ஏற்பதில்லை. ஆப்பிள் அதை வெளிப்படையாகவே சொல்கிறது. மேக்புக்குக்குள் நீர் பட்டால் நிறம் மாறும் அடையாளங்களையும் ஒட்டிவைத்திருக்கிறது. விபத்துக்குக் காப்பு வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்ட வேண்டும். மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் அதன் விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை வழக்கறிஞர் இல்லாமலே உரிமை கோரலாம். ஆனால் விவரிப்பில் அளவே இல்லாதபோது, பொருள் அதற்கு ஒத்திருக்கவில்லை என்று எதை வைத்துக் காட்டுவது? 200 மில்லி, சீனி கலந்த பானம், மூன்று நிமிடம் என்று பெட்டியில் எழுதியிருந்தால் வழக்குக்குப் பிடி இருக்கும். அது வரும்வரை கணினி வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் கேட்க இரண்டு கேள்விகள் உண்டு: சிந்தியது எந்தத் துளை வழியாக வெளியே வரும், கீபோர்டை மட்டும் மாற்ற எத்தனை ரிங்கிட் ஆகும்.