எடையால் விழாத துளி

அச்சுக் கட்டையாலும் சட்டத் திரையாலும் துணியில் பூ பதிக்கும் முறைகளோடு, சாயத்தைத் துளித்துளியாக எய்து சித்திரம் பதிக்கும் இங்க்ஜெட் இயந்திரமும் இன்று சேர்ந்துள்ளது. நாம் நெய்த துணி அதனிடம் செல்லுமுன், அதன் துளி எவ்வாறு அளவு பிசகாமல் பிறக்கிறது என்பதை அறிந்திருத்தல் நலம்.

மருந்துச் சொட்டுக் குழாயைக் கவனிப்போம். துளி அதன் வாயில் தொங்கிப் பருத்து, அதன் எடை பரப்பு இழுவிசையை வென்ற பின்னரே விழுகிறது. ஏறக்குறைய 20 சொட்டுகள் சேர்ந்தால் 1 மில்லிலிட்டர் ஆகும். இங்க்ஜெட் துளியை 10 பிகோலிட்டர் எனக் கொண்டால், அதே 1 மில்லிலிட்டரில் 10 கோடித் துளிகள் அடங்கும்! இத்துணைச் சிறிய துளியின் எடை, அதைப் பற்றி நிறுத்தும் இழுவிசையின் முன் ஒன்றுமேயில்லை. ஆகவே அது தானாக விழாது, உந்தித் தள்ளவேண்டும்.

அதற்கு இரு வழிகள் உண்டு. 1977-இல் ஜப்பானில் கேனன் ஆய்வுக்கூடத்தில், சூடான பற்றாசுக் கோல் மை நிறைந்த ஊசியின்மேல் தற்செயலாகப் பட, மை தெறித்தது. வெப்பத்தால் எழும் ஆவிக்குமிழ் துளியைத் தள்ளும் முறை இவ்வாறு அங்கே தோன்றிற்று. மற்றொன்று, மின்னழுத்தம் பட்டால் வடிவம் மாறும் பீஸோ எனும் பீங்கான் தகட்டால் அமுக்கும் முறை. சாயத்தைக் கொதிக்க வைக்கத் தேவையில்லையாதலால், துணி அச்சில் இதுவே பெரிதும் வழங்குகிறது.

உந்துதல் மிகுந்தால் துளியின் வால் அறுந்து சிறு துளிகளாகச் சிதறி, பூவின் விளிம்பு மங்கும். குறைந்தால் துளி வழிதவறும். சாயம் சூடேறினால் இளகும். அதனாலும் துளியின் அளவு மாறும்.

இதனை அளப்பது எங்ஙனம்? ஒரு கோடித் துளிகளை ஆவியாகாமல் சேர்த்து நிறுத்து, ஒரு கோடியால் வகுக்கலாம். 10 பிகோலிட்டர் நீர்த்துளிகள் ஒரு கோடியின் எடை 0.1 கிராமே!

தலைமயிரினும் நுண்ணிய துளை ஒன்று பஞ்சுத் தூசியாலோ உலர்ந்த சாயத்தாலோ அடைபட்டால், துணியில் வெளிறிய கோடு விழும். பல நாள் உழைத்து நெய்த சேலை இரண்டாந்தரமாகிவிடும். ஆகவே அச்சிடுமுன் துணியின் பஞ்சை நீக்குவோம். ஒவ்வொரு துளையும் எய்கிறதா என்பதைக் காட்டும் சோதனைக் கோடுகளை முதலில் காகிதத்தில் இட்டுக் காட்டுமாறு கேட்போம். அதனைக் கண்ணால் கண்ட பின்னரே நம் துணியைக் கொடுப்போம்.