தலைக்கு 57 ரூபாய்: போடியில் ஓய்வுக்காலச் சிநேகிதத்தின் வரவு செலவு

போடிநாயக்கனூரின் டீக்கடை பெஞ்சில் அருகருகே உட்காரும் நான்கு பெரியவர்களின் மடியில் இருக்கும் பணம் ஒரே அளவானதல்ல. ஒருவர் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துக் காலத்தைக் கழித்தவர். மற்றொருவர் காய் உலர்த்தும் ஸ்டோரில் கணக்குப் பார்த்தவர். சிநேகிதம் ஒன்றுதான், வரவு வேறு வேறு. ஆகவே வரவிலிருந்தே தொடங்குவோம்.

வரவு

தமிழ்நாடு அரசு ஊழியராக இருந்தவருக்கு, பழைய ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 7,850 ரூபாய். அகவிலைப்படி தனி. ஆதரவற்ற முதியோருக்கான உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்ந்தது. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் கீழ் வரும் 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில், 2014இல் வகுத்த குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய்.

இவற்றை 30 நாளுக்குப் பங்கிட்டால்:

- 7,850 ரூபாய்: நாளொன்றுக்கு 261 ரூபாய் 67 காசு
- 1,200 ரூபாய்: நாளொன்றுக்கு 40 ரூபாய்
- 1,000 ரூபாய்: நாளொன்றுக்கு 33 ரூபாய் 33 காசு

அரிசி, மருந்து, மின்கட்டணம் எல்லாம் இந்தத் தொகைக்குள்தான். ஊர் சுற்றுவதும் டீ குடிப்பதும் இதற்குள் அடங்குமா என்பதே கேள்வி.

டீ

கிளாஸ் 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தினம் ஒன்று என்றால் மாதம் 360 ரூபாய். 7,850 வாங்குபவருக்கு அது வருமானத்தில் 4.6 விழுக்காடு. 1,200 வாங்குபவருக்கு 30 விழுக்காடு. 1,000 வாங்குபவருக்கு 36 விழுக்காடு. ஒரே டீ, ஒரே பெஞ்சு. ஆனால் ஒருவருக்குச் சில்லறைச் செலவாக இருப்பது இன்னொருவருக்கு மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு.

இரண்டு டீ வாங்கி நான்கு கிளாஸில் ஊற்றிக் குடிப்பது இந்தக் கணக்குக்கு அனுபவம் கண்ட தீர்வு. தலைக்கு 6 ரூபாய், மாதம் 180. உதவித்தொகையில் 15 விழுக்காடு. நான்கு பேருக்கும் சேர்த்து மாதச் செலவு 720 ரூபாய். அதை 7,850 வாங்குபவர் ஒருவரே ஏற்றாலும் அவர் வருமானத்தில் 9.2 விழுக்காடுதான். பல செட்டுகளில் அப்படி ஒருவர் பேசாமல் கொடுத்துவிடுவார். வாங்கிக்கொள்பவர் வேறு வகையில் திருப்பிச் செய்வார்: கொல்லையில் காய்த்த முருங்கைக்காயாக, ஆஸ்பத்திரிக்குத் துணையாக. இந்தப் பரிமாற்றத்தை யாரும் நோட்டில் எழுதுவதில்லை. ஆனாலும் அது தவறுவதில்லை.

ஒரு காய் ஏலம்

ஏலக்காய் ஏலம் நடக்கும் ஊரில் டீயில் ஏலக்காய் போடுவது ஆடம்பரமா? கணக்கு இதோ. கிலோ 2,500 ரூபாய் என்றால் ஒரு கிராம் 2.50 ரூபாய். உலர்ந்த காய் ஒன்று ஏறக்குறைய 0.2 கிராம். ஆக ஒரு காய் 50 காசு. நான்கு பேர் குடிக்கும் டீயில் இரண்டு காயைத் தட்டிப் போட்டால் மொத்தம் ஒரு ரூபாய், தலைக்கு 25 காசு. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் உச்ச விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த விலையிலும் ஒரு காய் 1 ரூபாய் 40 காசுதான்.

அந்த 50 காசுக்குள் இருக்கும் உழைப்பு பெரிது. ஒரு கிலோ உலர்ந்த காய்க்கு ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காய் வேண்டும். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மேடு ஏறி, குனிந்து, செடியின் அடியில் தரையோடு கிடக்கும் சரத்திலிருந்து பழுத்ததை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். ஒரே செடியில் பருவத்துக்கு ஐந்தாறு முறை எடுப்பு நடக்கும். அப்படிப் பல்லாயிரம் கிலோ எடுத்த கைகளுக்கு, முதுமையில் மணக்கும் ஒரு டீ அதிகப்படியான ஆசை அல்ல.

குரங்கணி: கட்டுச்சோற்றுக் கணக்கு

போடியிலிருந்து குரங்கணி ஏறத்தாழ 16 கிலோமீட்டர். இந்தத் தடத்துக்கு ஒரு பழைய பெருமை உண்டு. 1908இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் சிறு ரயில் ஓடியது. மூணாறு தேயிலை அதில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவழியே சுமார் 5 கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு வண்டியில் போடிக்கு வந்தது. 1924 பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. இன்று அதே பாதையில் பெரியவர்கள் தூக்குவாளியோடு போகலாம்.

எட்டுப் பேருக்குச் சாம்பார் சாதம்:

- ரேஷன் அரிசி 1 கிலோ: 0
- ரேஷன் துவரம் பருப்பு 300 கிராம் (கிலோ 30 ரூபாய்): 9.00
- ரேஷன் பாமாயில் 100 மில்லி (லிட்டர் 25 ரூபாய்): 2.50
- காய்கறி: 60.00
- புளி, உப்பு, பொடி: 30.00
- எரிவாயு: 20.00
- மொத்தம்: 121.50

தலைக்கு 15 ரூபாய் 19 காசு. ஓட்டலில் சாப்பாடு 90 ரூபாய் என்றால் எட்டுப் பேருக்கு 720 ஆகும். கட்டுச்சோற்றால் மிச்சம் 598 ரூபாய் 50 காசு. பாதிப் பணம் காய்கறிக்கே போகிறது. ஒவ்வொருவரும் வீட்டில் இருப்பதைக் கொஞ்சம் கொண்டுவந்தால் அதுவும் குறையும். கூட்டாஞ்சோறு என்பது அதுதானே.

இனி முழு நாளின் செலவு. பஸ்ஸுக்குப் போக வர 30 ரூபாய் வீதம் 240. சோறு 121.50. ஆளுக்கொரு டீ 96. ஆக மொத்தம் 457.50. தலைக்கு 57 ரூபாய் 19 காசு.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் டிக்கெட் இல்லை. எட்டுப் பேரும் ஒன்றாகக் காய் எடுத்த பெண்களாக இருந்து, ஏறுவது அத்தகைய பஸ்ஸாகவும் இருந்தால், மொத்தம் 217.50 ஆகிறது. தலைக்கு 27 ரூபாய். செலவில் பாதிக்கு மேல் பஸ்தான் என்பது இதில் தெரிகிறது.

ஒரு எச்சரிக்கையும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். வனத்துறை அனுமதியில்லாமல் காட்டுக்குள் போகவே கூடாது. ஊரோரத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்து வருவதே நம் வயதுக்குப் போதும்.

போடிமெட்டு: 17 வளைவுகள்

ஊர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 350 மீட்டர், மெட்டு சுமார் 1,400 மீட்டர். ஏறத்தாழ 26 கிலோமீட்டரில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். சித்திரை வெயிலில் மேலே போனால் ஏழு டிகிரி வரை குளிர்ச்சி. மின்விசிறியால் இதைத் தர முடியாது.

ஒரு வழிக்கு 30 ரூபாய் என்று வைத்தால் எட்டுப் பேருக்குப் போக வர பஸ் செலவு 480. கட்டுச்சோறு 121.50. இரண்டு வேளை டீ 192. மொத்தம் 793.50, தலைக்கு 99 ரூபாய் 19 காசு. ஜீப் 2,500 ரூபாய்க்குப் பேசினால் பஸ்ஸைவிட 2,020 கூடுதல். தலைக்கு 252 ரூபாய் 50 காசு. உதவித்தொகையில் 21 விழுக்காடு அதற்கே போய்விடும். மூட்டுவலிக்காரருக்கு ஜீப் வசதிதான். ஆனால் அந்த வசதியைத் தேர்ந்தெடுத்தால் எட்டுப் பேரில் ஒருவர், "நான் வரலப்பா, வேலை இருக்கு" என்பார். வேலை இருக்காது, காசு இருக்காது. யார் வர முடியாமல் போகிறார் என்பதைப் பார்த்துத்தான் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரயிலும் தள்ளிப்போன சந்திப்புகளும்

1928இல் போடிக்கு வந்த மீட்டர்கேஜ் ரயில் 2010 டிசம்பர் கடைசியில் நின்றது. அகலப்பாதையில் மதுரை ரயில் 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூன் 15இல் போடி வரையும் வந்தது. இடையில் பன்னிரண்டரை ஆண்டு. 2011இல் 58 வயதில் ஓய்வு பெற்றவருக்கு ரயில் திரும்பி வந்தபோது வயது 70. சுற்றித் திரியத் தெம்புள்ள ஆண்டுகள் அத்தனையும் அந்த இடைவெளியில் கழிந்துவிட்டன. இப்போது உசிலம்பட்டியிலோ ஆண்டிபட்டியிலோ இருக்கும் பழைய நண்பர் காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்பலாம்.

ஆனால் ஆண்களுக்கு 40 விழுக்காடும் பெண்களுக்கு 50 விழுக்காடுமாக இருந்த மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையை ரயில்வே 2020 மார்ச்சில் நிறுத்தியது.

மாதக் கூட்டல்

தினம் பாதி டீ 180. மாதம் ஒரு குரங்கணி 57. ஒரு மெட்டு 99. மொத்தம் 336 ரூபாய், நாளுக்கு 11 ரூபாய் 20 காசு. 1,200 வாங்குபவருக்கு இது 28 விழுக்காடு. கூட்டாளிகள் இல்லாமல் தனியாக அனுபவித்தால் பாதி டீயும் கிடையாது, கட்டுச்சோற்றுப் பங்கீடும் கிடையாது. சேர்ந்திருப்பதே இங்கே பெரிய சிக்கனம்.

அது உயிருக்கும் நல்லது. 148 ஆய்வுகளையும் 3 லட்சத்து 8 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களையும் தொகுத்து 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நெருக்கமான உறவுகள் உள்ளவர்கள் உயிரோடு நீடிக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு கூடுதல் என்று கண்டது. தமிழ்நாட்டில் 60 வயது தாண்டியவர்கள் 2011இல் மக்கள்தொகையில் 10.4 விழுக்காடு. 2021க்கான மதிப்பீடு 13.6. 2031இல் 18.2 ஆகும் என்பது கணிப்பு. ஐந்தரைப் பேருக்கு ஒருவர் முதியவர்.

சென்னை மாநகரப் பேருந்துகளில் 60 வயதானவர்களுக்கு 2016 முதல் மாதம் 10 இலவச டோக்கன் தரப்படுகிறது. போடிக்காரருக்கும் அதே வயதுதான் ஆகிறது, அதே முழங்கால்தான் வலிக்கிறது. குரங்கணிக்கும் மெட்டுக்கும் போய்வர நான்கு டோக்கன் போதும். பஸ் செலவு 90 ரூபாய் குறைந்து மாதக் கணக்கு 246 ஆகும். 28 விழுக்காடு 20.5 ஆக இறங்கும். கூடவே பஸ் நிற்கும் இடத்தில் உட்கார ஒரு பெஞ்சும் பெண்கள் பயமின்றிப் போகக்கூடிய கழிப்பறையும் வேண்டும். தண்ணீர் குடித்தால் எங்கே போவது என்று யோசித்தே வீட்டோடு இருந்துவிடும் பாட்டிமார் நிறையப் பேர்.

தேனி மாவட்டத்துக்கும் அந்த 10 டோக்கனை நீட்டுங்கள் என்பதே இந்தக் கணக்கு முன்வைக்கும் கோரிக்கை. அரசு அதைச் செய்யும்வரை, 7,850 வாங்குபவர்கள் 1,200 வாங்கும் சிநேகிதருக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கட்டும்.